கடலுக்குள் இறங்கும் கமெரா

நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்லும் என் மருமகன் (தங்கையின் மகன்) நீருக்கடியில் படமெடுக்கக் கமெரா வாங்கப்போவதாக எழுதியிருக்கிறான். வருகின்றவர்களைக் கடலுக்குள் வைத்துப் படமெடுத்து விற்பது அவனது திட்டம். அதற்கென ஒரு பெரிய எஸ்.எல்.ஆர் கமெராவையும் அலுமினியக் கவசப்பெட்டியையும் பார்த்து வைத்திருக்கிறான். பணத்துக்குத் தாயின் காப்புகளை அடைவு வைப்பதென்றும் தீர்மானமாகிவிட்டது. எந்த மாடல் என்பதை மட்டுமே என்னிடம் கேட்கிறான். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்றொரு நம்பிக்கை எங்கள் குடும்பத்தில் உண்டு. பத்திரிகைப் புகைப்படக்காரர்களோடு பல ஆண்டுகள் அலைந்தவன் என்பதாலும், புறாமலைக் கரையில் முகமூடி அணிந்து மிதந்து பழகியவன் என்பதாலும், இவ்விடயத்தில் அந்த நம்பிக்கை முற்றிலும் வீணல்ல.

கடலுக்குள் கமெராவின் பெருமை இரண்டாம் பட்சம்தான். முதலில் தண்ணீரின் குணத்தை அறியவேண்டும். ஐந்து மீற்றர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பு நிறம் பெரும்பாலும் மறைந்துவிடும். பிறகு செம்மஞ்சள், மஞ்சள் என ஒவ்வொன்றாகக் கழன்று நீலமும் பச்சையுமே எஞ்சும். மேலிருந்து ஒளி இறங்கிவரும் தூரம் மட்டுமன்றி, மீனிலிருந்து வில்லைக்கு அது வந்துசேரும் தூரமும் இந்தக் கணக்கில் அடங்கும். ஆகவே ஆறு மீற்றர் தொலைவில் நீந்தும் ஆமையை எத்தனை இலட்சம் ரூபாக் கமெராவால் எடுத்தாலும், நீலப் புகைக்குள் கிடக்கும் கல்லைப் போலவே தெரியும். கிட்டப் போகவேண்டும், ஒரு மீற்றருக்குள், முடிந்தால் ஒரு முழத்துக்குள். முகமூடிக் கண்ணாடியூடாகப் பார்க்கையில் பொருள்கள் கால்வாசித் தூரம் நெருங்கியே தோன்றும் என்பதால், போதுமான அளவு நெருங்கிவிட்டோம் என்று புதியவர் நினைக்கும் இடம் உண்மையில் போதாது.

எனவே கிட்டத்தில் குவியும் சிறிய கமெராவே தொடக்கத்துக்கு உகந்தது. ஒலிம்பஸ் வழிவந்த, 2023இல் வெளியான ரிஜி-7 என் தெரிவு. வில்லைக்கு ஒரு சென்ரிமீற்றர் முன்னாலுள்ள பொருளையும் அது தெளிவாகப் பிடிக்கும். கவசமின்றியே 15 மீற்றர் வரை தாங்கும். நிறத்தைப் பின்னர் கணினியில் மீட்பதற்கு வசதியான ‘ரோ’ கோப்பாகவும் சேமிக்கும். கோப்ரோ 10 மீற்றர் வரை தாங்கும், அசையும் படத்துக்கு அருமையானது; சிறு நத்தையொன்றை நெருங்கி எடுக்க உதவாது. பெரிய கமெராக்களுக்கோ, கவசப்பெட்டி பல வேளைகளில் கமெராவைவிட விலை கூடியது. அதுவும் அந்த ஒரு மாடலுக்கே பொருந்தும். கமெரா போனால் பெட்டி வெறும் பெட்டிதான். அதற்காக ஒரு தாயின் காப்பு அடைவுகடைக்குப் போகவேண்டியதில்லை.

கமெராவோடு ஒட்டியுள்ள பிளாஷை அணைத்துவிடுவது நல்லது. வில்லைக்கு முன்னால் மிதக்கும் துகள்களையெல்லாம் அது ஒளிரச் செய்வதால், திருகோணமலைக் கடலில் பனி பெய்வது போன்ற படம் கிடைக்கும். வசதி வரும்போது தனி விளக்கொன்றை வாங்கிப் பக்கவாட்டிலிருந்து ஒளியூட்டலாம். அதற்கு முன்பே சுழியோடும் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கவேண்டும். உடலை நீருக்குள் நிதானமாக நிறுத்தத் தெரியாதவன் படத்தையும் கெடுப்பான், துடுப்புக்கால் பட்டு முருகைக்கல்லையும் உடைப்பான். புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. ஆனாலும் அங்கே மிதிபட்டு நொறுங்கிய முருகைக்கற்களைப் பார்த்து நான் மனம் வருந்தியதுண்டு.

இதே திருகோணமலையில், சுவாமி மலையடியில், 1956இல் மைக் வில்சன் சுழியோடிப் பழைய கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டார். அவரது நண்பர் ஆர்தர் சி. கிளார்க் 1957இல் வெளியிட்ட நூலில் அதை விபரித்தார். பின்னர் 1963இல் நிக்கோன் வெளியிட்ட நிக்கொனோஸ் கமெராவில்கூட ஒரு சுருளுக்கு 36 படங்கள்தான். நீருக்குள் சுருள் மாற்ற முடியாது. தூரத்தையும் கண்மதிப்பாலேயே கணிக்கவேண்டும். இன்றைய பிள்ளைகள் நூறு படம் எடுத்துத் தொண்ணூறை அழிக்கலாம். அது பெரிய பாக்கியம்.

மருமகனுக்கு இன்னொரு கனவும் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலைப் படமெடுக்கவேண்டுமாம். அது ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. ஆரம்பப் பயிற்சி பெற்ற சுழியோடிக்கு எல்லை 18 மீற்றர். பொழுதுபோக்குச் சுழியோடலின் உச்ச எல்லையே 40. ரிஜி-7இன் கவசப்பெட்டியும் 45 மீற்றர் வரைதான் தாங்கும். படமெடுக்கும் மும்முரத்தில் காற்றுமானியைப் பார்க்க மறப்பவனுக்கு ஆழம் மன்னிப்பு வழங்காது. இதை அவனிடம் கண்டிப்பாக எழுதியிருக்கிறேன், தங்கைக்குச் சொல்லவில்லை.

பயிற்சி முடித்து 15 மீற்றரைத் தாண்டும் நாளில் அந்தப் பெட்டி தேவைப்படும். அதைக் காப்பது மெல்லிய றப்பர் வளையம் ஒன்றுதான். அதில் ஒரு தலைமயிரோ மணற்துணிக்கையோ ஒட்டியிருந்தாலும் நீர் உள்ளே வரும். ஆகவே கடற்கரையில் வைத்துப் பெட்டியைத் திறக்கக்கூடாது. முதல் தடவை கமெராவை வைக்காமல், கடதாசிக் கைக்குட்டை ஒன்றை உள்ளே வைத்து இறக்கிப் பார்க்கவேண்டும். கடதாசி காய்ந்தபடி மேலே வந்தால் மறுநாள் கமெராவை வைக்கலாம். கரையேறியதும் பெட்டியைத் திறக்காமலே நல்ல தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிடவேண்டும். உப்பு காய்ந்தால் பொத்தான்கள் இறுகிவிடும்.