அந்தப் போட்டோவுல ஒரு இழை அறுந்திருக்கு!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. செய்யார் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. ஒன்பது மணி கிளாஸுக்கே கொட்டாவி விட்டுக்கிட்டு வர்ற ஆறு பேர், பேட்டரி ஃபுல் சார்ஜ் போட்டு, டாண்ணு ஆஜர்! செமஸ்டர் எக்ஸாமுக்குக்கூட இப்படி வந்ததில்லை பாஸ். இதுதான் எங்க போட்டோ கிளப். பேர் வைக்கிறதுல சண்டை வந்ததால இன்னும் பேர் இல்லை. தலைவர், சந்தா எதுவும் கிடையாது. ஆறு பேருக்கு மூணு கேமரா, மூணு செல்போன், ஒரே ஒரு 50 எம்.எம். லென்ஸ். அந்த லென்ஸ் யார் கையில் என்பதில்தான் வாராவாரம் பஞ்சாயத்து.

சென்னையில் இதெல்லாம் பெரிய லெவல். 'சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ்' மாதிரி குழுக்கள் விடிகாலையில் கும்பலாகக் கிளம்பிவிடுவார்கள். இன்னும் பின்னாடி போனால், 1850-களிலேயே மெட்ராஸில் போட்டோ சங்கம் இருந்திருக்கிறது. இன்றைய எழும்பூர் ஓவியக் கல்லூரியை 1850-ல் ஆரம்பித்த டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் அதில் முக்கியப் புள்ளி. அப்போது மெட்ராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக இருந்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். 1858-ல் மதுரை, தஞ்சாவூர் என்று பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், கோயில் கோயிலாக எடுத்தார். அந்தப் படங்களில் மனுஷங்களைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். எக்ஸ்போஷர் அவ்வளவு நேரம். ஆடாம நின்னது கல்லு மட்டும்தான்!

எங்களுக்கும் முதல் வருஷம் பூரா கல்லுதான். திருவோத்தூர் வேதபுரீஸ்வரர் கோயில் கோபுரம், சம்பந்தர் பாடி ஆண் பனை காய்த்த கதையைச் சொல்லும் கல் பனை, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து மாமண்டூர் குடைவரை, அப்புறம் தண்ணியில்லாத செய்யாற்று மணல். ஒரு நாள் எங்களில் ஒருத்திதான் கடுப்பாகி, "டேய், இனிமே மூச்சு விடுற எதையாவது எடுக்கலாம்டா" என்றாள். அடுத்த ஞாயிறு ஆரணிக்கு பஸ் ஏறினோம்.

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிற ஆரணிக்கு அறிமுகம் தேவையில்லை. பட்டு! நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தாலே 'டக்... டக்...' காதில் விழும். ஒரு வீட்டு வாசலில் எட்டிப் பார்த்தோம். ஐம்பது வயசு இருக்கும் அந்த அண்ணனுக்கு. "உள்ள வாங்க தம்பி, செருப்பை மட்டும் விட்டுட்டு வாங்க" என்றார்.

இடுப்பு வரைக்கும் குழிக்குள் கால், மடியை ஒட்டிப் பட்டுப் பாவு, கையில் நாடா. தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து மாலை மாதிரி தொங்கும் துளை போட்ட அட்டைகள். துளை இருந்தால் அந்த இழை மேலே எழும், இல்லாவிட்டால் கீழேயே கிடக்கும். ஒண்ணு, பூஜ்யம்! 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு செய்த வேலை. இதே துளை அட்டை யோசனையை வைத்துத்தான் 1890-ல் ஹாலரித் என்பவர் அமெரிக்க ஜனத்தொகையைக் கணக்கெடுக்க மெஷின் செய்தார். கம்ப்யூட்டரெல்லாம் அப்புறம். 'டிஜிட்டல்' பேப்பரில் அரியர் வைத்த நான், குழியோரம் உட்கார்ந்து புரிந்துகொண்டேன்.

படம் எடுப்பது லேசில்லை. ஒரு ஜன்னல், ஒரு டியூப்லைட். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு. 1/50-ல் வைத்தால் கோடு போகும், ஆனால் கை கலங்கும். ஃபிளாஷ் போட்டால் அவருக்குக் கண் கூசும். "அண்ணே இந்தப் பக்கம் பாருங்க", "இன்னொரு தடவை நாடா விடுங்கண்ணே" என்று நாற்பது நிமிஷம் படுத்தி எடுத்தோம். சிரித்துக்கொண்டே செய்தார். கிளம்பும்போது அவர் மனைவி மட்டும், "போட்டோ குடுப்பீங்களா? இதுக்கு முன்னாடி வந்தவங்களும் அனுப்பறோம்னுதான் சொன்னாங்க" என்றார்.

"கண்டிப்பாக்கா!"

குடுக்கலை. அந்தப் படங்களில் ஒன்று ஒரு கல்லூரிப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. "ஓரத்துல வெளிச்சத்துல மின்னுது பாருங்க ஒத்தை இழை, அதுதான் படமே!" என்று நடுவர் மைக்கில் புகழ்ந்தார். படத்துக்கு நாங்கள் வைத்த தலைப்பு 'நெசவாளி'. அவர் பேரை நாங்கள் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பரிசுப் பணம் பிரியாணி ஆனது. யாருக்கும் சரியாக இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் நல்லாவே இறங்கியது.

நாலு மாசம் கழித்து, பெரிய பிரின்ட் போட்டுக்கொண்டு போனோம். தறியை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். நாங்கள் பாராட்டுக்குக் காத்திருக்க, விரலை ஓரத்தில் வைத்தார். நடுவர் காட்டிய அதே இடம்.

"இந்தா, இழை அறுந்திருக்கு பாரு. அன்னிக்கு உங்ககூடப் பேசிக்கிட்டே நெய்ஞ்சதுல கவனிக்கலை. நீங்க போனப்புறம்தான் தெரிஞ்சுது. நாலு விரக்கடை பிரிச்சுத் திரும்ப நெய்ஞ்சேன், சாயங்காலம் ஆயிடுச்சு."

அவருக்குக் கூலி சேலைக்குத்தான், நேரத்துக்கு இல்லை. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவர்தான், "அட, விடு தம்பி. எவ்வளவு தெளிவா எடுத்திருக்கே, இழைகூடத் தெரியுதே!" என்று எங்களைத் தேற்றினார்.

சுருக்கம் விழுந்த குரலில் "வேற ஏதாச்சும் எடுக்கணுமாண்ணே?" என்றேன். மனைவியைப் பார்த்தார். அக்கா உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். அண்ணன் வெள்ளைச் சட்டை. "தறி வேணாம், அது தெனமும் பார்க்கிறதுதானே. வாசல்ல எடு." ரெண்டு பேரும் கையைத் தொங்கப்போட்டு, அட்டென்ஷனில் நின்றார்கள். கேண்டிட் இல்லை, லைட்டிங் இல்லை, பின்னாடி சைக்கிள் வேறு. மூணே கிளிக். இந்த முறை பெயர்களையும் கேட்டு டைரியில் எழுதிக்கொண்டோம். அடுத்த வாரமே ஃபிரேம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

போன மாசம் அந்தப் பக்கம் போனேன். வாசல் படம் காலண்டர் பக்கத்தில், நட்டநடுவே. பரிசு வாங்கின படம் எங்கேயென்று கண்ணை ஓட்டினேன். மேல் பலகையில், ஜக்கார்டு அட்டைக் கட்டின் மேல் தூசி படாமல் கவிழ்த்து மூடியிருந்தார்.