பின்வரிசை: கோபர்க் நாட்குறிப்பு, 2018

பிப்ரவரி 2, வெள்ளி

இடது தோள் இன்னும் தூக்க வரவில்லை. டாக்டர் பொறுங்கள் என்கிறார். இழப்பீட்டு மனு பரிசீலனையில் இருக்கிறதாம். அதுவரை சம்பளம் கிடையாது. அதனால் இலவசம் என்று யார் எங்கே கூப்பிட்டாலும் போவது என்று வைத்திருக்கிறேன்.

இன்றைக்குக் கூப்பிட்டது மகள் தேனு. 19-ம் நம்பர் டிராமில் இக்கான் பார்க். ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் பெண்கள் லீக்கின் இரண்டாவது சீசன் இங்கேதான் தொடங்கியது, கார்ல்டனும் காலிங்வுட்டும். நுழைவு இலவசம். போன வருஷம் இதே இரண்டு அணிகளின் முதல் ஆட்டத்துக்கு இருபத்து நாலாயிரம் பேருக்கு மேல் வந்து, கதவைச் சாத்தி மிச்சப் பேரைத் திருப்பி அனுப்பினார்களாம்.

பத்து வருஷமாக இந்த ஊரில் இருந்தும் இந்த ஆட்டத்தைப் பொறுமையாகப் பார்த்ததில்லை. முட்டை வடிவ மைதானம், ஒவ்வொரு முனையிலும் நாலு கம்பம். நடுவில் உள்ள இரண்டுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒன்று. ஆண்களில் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், பெண்களில் பதினாறு. பந்தும் ஒரு அளவு சின்னது. இதெல்லாம் தேனு சொல்லித்தான் தெரியும். கோல் அதிகம் விழவில்லை. கார்ல்டன் ஜெயித்தது.

தேனு பந்தைப் பார்க்கவே இல்லை. காலிங்வுட்டின் பின்வரிசையில் ஒரு பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். க்ளோயி மொலாய், பத்தொன்பது வயது. "மாநில லீக்ல கோலா அடிச்சுத் தள்ளினவம்மா. அவளைப் போய்ப் பின்னாடி நிறுத்தி வச்சிருக்காங்க" என்று வீடு வரும்வரை புலம்பல்.

பிப்ரவரி 7

லீக் நிர்வாகம் பயிற்சியாளர்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறதாம். முதல் வாரத்தில் கோல் குறைந்துவிட்டது, பந்தைச் சுற்றி எல்லாரும் மொய்க்காதீர்கள், ஆட்டம் திறந்து வரட்டும் என்று. டிவி பார்க்கிறவர்களுக்கு அலுத்துவிடக் கூடாது என்ற கவலை. கோல் விழவிடாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு இதுதான் பாராட்டு போலிருக்கிறது.

பிப்ரவரி 10, சனி

பெர்த்தில் புது ஸ்டேடியம். ஃப்ரீமான்டிலும் காலிங்வுட்டும். 41,975 பேர். காலிங்வுட் மறுபடி தோல்வி. டிவி முன்னால் என் வீட்டுக்காரர் பாதியிலேயே தூங்கிப்போனார். ராத்திரி ஷிப்ட்டுக்கு எழுப்பப் பெரும்பாடு.

பிப்ரவரி 18, ஞாயிறு

பக்கத்து வீட்டு இத்தாலியப் பாட்டி வீட்டில் தக்காளி சாஸ் போடும் நாள். வருஷா வருஷம் இந்த மாதத்தில் கராஜைத் திறந்து, பெட்டி பெட்டியாகத் தக்காளியை இறக்கி, மகன்கள் பேரன்கள் எல்லாரும் கூடுவார்கள். நான் பாட்டில் தூக்கி அடுக்குவேன். இந்த வருஷம் முடியாது என்று சொல்லப் போனேன். "உட்கார், வாயையாவது வேலை செய்ய வை" என்று ஒரு ஸ்டூலைத் தள்ளினார். ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் ஒரு பேசில் இலை போடுவது என் வேலையானது. திருநீற்றுப்பச்சிலை மாதிரி வாசம். ஒரு கை போதும்.

பாட்டி ஐம்பது வருஷக் கார்ல்டன் ரசிகை. கப்பல் இறங்கி வந்த தலைமுறைக்குக் கார்ல்டன்தான் என்று அடித்துச் சொல்வார். தேனு பின்வரிசையைக் கேவலமாகப் பேசியதும் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டார்.

"சில்வானி தெரியுமா?"

தேனுவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஸ்டீபன் சில்வானி. 1996-ல் லீக்கின் நூறு வருஷத்துக்கான கனவு அணியை அறிவித்தபோது பின்வரிசையில் கோலைக் காக்கிற ஃபுல் பேக் இடம் அவருக்கு. இத்தாலிக்காரப் பையன், அப்பா செர்ஜியோவும் கார்ல்டனுக்கு ஆடியவர். அப்பா பேரையும் மகன் பேரையும் பாட்டி சாமி பேர் மாதிரி சொன்னார்.

பிறகு கராஜ் நடுவில் நின்று காட்டினார், எண்பது வயசில். தேனுவை முன்னால் நிறுத்திக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கை இடைவெளியில் நின்றார். "பந்து அங்கிருந்து வருது. இவள் பந்தைப் பார்க்கிறாள். நான் இவள் தோளைப் பார்க்கிறேன். தோள் எப்போ எழும்புதோ அப்போதான் நான் எழும்பணும். முந்தினால் ஃப்ரீ கிக். பிந்தினால் கோல். பிடிக்க முடிஞ்சா பிடி. முடியலன்னா குத்து." தேனு தலைக்கு மேலே காற்றில் ஒரு குத்து. கை முழுக்கத் தக்காளி விதை.

"குத்தினதுக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்டேன்.

பாட்டி என்னைப் பார்த்தார். "சைபர்."

பேரன்கள் சிரித்தார்கள். எதற்கென்று தெரியவில்லை.

பிப்ரவரி 27

யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மார்ச் 6, செவ்வாய்

தேனுவின் கிளப்பில் பயிற்சி தொடங்கியாயிற்று. ஏப்ரலில் சீசன். பயிற்சியாளர் அவளை ஃபுல் பேக் போடப் போகிறார். காரில் ஏறியதும் கதவை அறைந்தாள்.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

"யாருடி தப்புன்னு சொன்னது?"

"நல்லா ஆடுறவங்க முன்னாடி. மத்தவங்க பின்னாடி. எல்லாருக்கும் தெரியும்."

மொலாயைச் சொன்னேன். கிளம்பும்போதே தயாராக வைத்திருந்த பதில் அது. "அவ வேற" என்றாள். இதற்குப் பதில் என்னிடம் இல்லை. காலிங்வுட்டில் எத்தனை பேர் காயம், எந்த இடத்துக்கு ஆள் இல்லை, அந்தப் பயிற்சியாளர் கணக்கு என்ன, எனக்கென்ன தெரியும்? ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். கோல் அடிக்கத் தெரிந்தவள் பின்னால் நிற்கும்போது எதிராளி எங்கே ஓடப் போகிறாள் என்பது அவளுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது, அந்த ஓட்டத்தை இவளே ஓடியிருக்கிறாள் அல்லவா. தட்டிவிடுவதோடு நிற்காமல் குறுக்கே புகுந்து பந்தையே பிடித்துவிடுகிறாள். மைதானமே திரும்பி எதிர்ப்பக்கம் ஓடுகிறது.

இதைச் சொன்னேன். காதில் ஹெட்போன் இருந்தது.

மார்ச் 15

இழப்பீட்டு ஆபீசிலிருந்து போன். சம்பவம் நடந்தபோது உடன் வேறு ஊழியர் இருந்தாரா? இல்லை. இருந்திருக்க வேண்டுமா? ஆமாம். பிறகு ஏன் இல்லை? அதை என்னிடம் கேட்கிறார்கள்.

மார்ச் 24, சனி

இறுதி ஆட்டம், மறுபடி இக்கான் பார்க். கொட்டுகிற மழை. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 27, பிரிஸ்பேன் 21. பிரிஸ்பேனுக்கு இது தொடர்ந்து இரண்டாவது இறுதித் தோல்வி. பாவமாக இருந்தது. சிறந்த ஆட்டக்காரி பதக்கம் மோனிக் கான்டிக்கு. பதினெட்டு வயது, கூடைப்பந்தும் ஆடுகிறவள். பந்து சோப்பு மாதிரி வழுக்கியது. அப்படிப்பட்ட நாளில் பின்வரிசைக்காரிகள் பிடிக்கவே முயலவில்லை. குத்து, குத்து, வெளியே தள்ளு. கடைசி நிமிஷங்களில் தேனு என் நல்ல தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள். நல்லவேளை, நல்ல தோள்.

வீட்டுக்காரர் லீவு போட்டு வந்திருந்தார். மழையில் சிப்ஸ் நனைந்ததுதான் அவருக்கு நினைவிருக்கும்.

மார்ச் கடைசி வாரம்

மொலாய்க்கு ரைசிங் ஸ்டார் விருது, லீக்கின் சிறந்த இளம் ஆட்டக்காரிக்கு. ஆல் ஆஸ்திரேலியன் அணியிலும் இடம். தேனு காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து செய்தியைச் சொல்லிவிட்டுப் போனாள். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

பெரிய விருது எம்மா கியர்னிக்கு. புல்டாக்ஸ், நடுக்களம். அதற்கு ஓட்டுப் போடுகிறவர்கள் அம்பயர்கள். அவர்கள் ஆட்டம் முழுக்கப் பந்தோடு ஓடுகிறவர்கள். பந்து அதிகம் போகாத இடத்தை எப்படிப் பார்ப்பார்கள்? மொலாயையும் எத்தனை நாள் பின்னால் விட்டுவைப்பார்களோ. கோல் வேண்டும் என்றுதானே எல்லாரும் கேட்கிறார்கள்.

ஏப்ரல் 12

படிவம் நிரப்பினேன். 'என்ன நடந்தது என விவரிக்கவும்' என்று அரைப் பக்கம் காலியிடம்.

நடந்தது இதுதான். பெரியவர் ஒருவர் ராத்திரி குளியலறையில் சரிந்தார். பிடித்தேன். முழுக் கனமும் என் இடது கையில். சுவரில் முதுகைக் கொடுத்து, மெதுவாக, தரையில் உட்கார வைத்தேன். அவருக்குக் கீறல்கூட இல்லை. அதனால் அன்றைக்கு அந்த இல்லத்தின் பதிவேட்டில் 'சம்பவம் ஏதுமில்லை'. இப்போது அந்த வரியைக் காட்டித்தான் கேள்வி கேட்கிறார்கள்.

நான் எழுதியது: அவர் விழவில்லை.

தேனு மேலே நின்று படித்தாள். பேனாவை வாங்கிக் கீழே இன்னும் நாலு வரி அவளாகவே எழுதினாள். எந்தக் கை, எவ்வளவு நேரம், அவர் தலைக்கும் டைல்ஸுக்கும் எவ்வளவு தூரம் என்று. அவள் இங்கிலீஷ் என்னுடையதைவிட நல்லது.

ஏப்ரல் 22, ஞாயிறு

தேனுவின் முதல் ஆட்டம். மழை. தோல்வி. பேசவில்லை.

மே 6, ஞாயிறு

இன்றும் தோல்விதான். ஆனால் இவள் பார்த்துக்கொண்ட பெண் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா எனக்குப் பக்கத்தில் நின்று, "இன்னைக்கு என் மகளுக்கு நேரம் சரியில்லை" என்றார். நேரமா! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சிரித்துவைத்தேன்.

மூன்றாம் குவார்ட்டரில் ஒன்று. பந்து உயரத்தில் வந்தது, இரண்டு பேரும் கோலுக்கு முன்னால். தேனு அவள் முதுகுக்குப் பின்னால், ஒரு கை இடைவெளியில். தலை பந்தின் பக்கம் திரும்பவே இல்லை. அந்தத் தோள் எழும்பிய கணத்தில் இவளும் எழும்பி, மேலிருந்து ஒரு குத்து. பந்து ஓரக் கம்பத்துக்குள் போய் அவர்களுக்கு ஒரு புள்ளி. ஆறு போக வேண்டிய இடத்தில் ஒன்று. எங்கள் பக்கம் ஒருவரும் கைதட்டவில்லை, புள்ளி போனதே என்று உச்சுக்கொட்டினார்கள். நான் கத்திய கத்தலில் இடது கையும் மேலே போய்விட்டது. வலி உயிர் போயிற்று.

வரும் வழியில் தேனு, "அடுத்த வாரம் முன்னாடி போடறேன்னு கோச் சொல்றார்மா" என்றாள்.

"நீ என்ன சொன்னே?"

"யோசிக்கிறேன்னு சொன்னேன்."

மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி போன் போட வேண்டும்.