அமுக்கு, புடி, வுடு

பிரேக் வேலைக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தன் டிரைவர் சீட்டில் குந்தி மிதிக்க வேண்டும். இன்னொருத்தன் வண்டிக்கு அடியில் படுத்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றுகிற இந்த வேலையைப் பட்டறையில் 'ஏர் எடுக்கறது' என்போம். மேலே குந்தியிருக்கிறவன் யார், கீழே கெடக்கிறவன் யார் என்று கேட்டால் சீனியர், ஜூனியர் என்று சொல்வார்கள். நான் இருந்த பட்டறையில் கணக்கு வேறு. ஆறு வருசம் நான் கீழேயே கெடந்தேன். எனக்குப் பின்னால் வந்த ஊர்த்தெருப் பையன்கள் மூணு பேர் ஆறே மாசத்தில் மேலே ஏறிக் குந்தினார்கள்.

எங்களுக்குத் திண்டிவனம் பக்கம். பழைய தென்னார்க்காடு மாவட்டம். 1984-ல் எட்டாவதோடு என் படிப்பு நின்றது. அப்பா பண்ணையாள். "மாட்டுக்குப் பின்னால போனது போதும், இவனாச்சும் வண்டிக்குப் பின்னால போவட்டும்" என்று அம்மாதான் பட்டறையில் சேர்த்துவிட்டாள். சின்ன ஊர், எந்தத் தெரு என்று யாரும் கேட்கவே வேண்டியதில்லை. முதலாளி ஒரே ஒரு கண்டிசன் போட்டார். "வேலைக்கு வரட்டும். ஆனா கஸ்டமர் வண்டி உள்ள ஏறக்கூடாது. சீட்டு அழுக்காயிடும்." அழுக்கு என்றுதான் சொன்னார். கிரீஸ் எல்லாப் பையன்கள் துணியிலும்தான் இருந்தது.

அப்போது வந்ததில் பாதிக்கு மேல் அம்பாசடர். நாலு வீலிலும் டிரம் பிரேக். டிரம்மைக் கழட்டினால் உள்ளே கருஞ்சாம்பல் மாதிரி தூசு அடைந்து கெடக்கும். அதை வாயால் ஊதுவேன். தேய்ந்த லைனிங்கைத் தட்டி எடுத்துவிட்டு, ஷூவில் புதுசை ரிவிட் அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அந்த லைனிங்கில் கல்நார் கலந்திருந்தது. அந்தத் தூசு நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருசம் கழித்தும் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. ஊதுகிற வேலை எப்போதும் என்னுடையதாகவே இருந்தது. அதற்குச் சீட்டில் ஏற வேண்டியதில்லையே.

கீழே கெடந்தவனுக்கும் சில விசயம் தெரியும். டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறதா, ஆக்சில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தொட்டே சொல்வேன். பிரேக் ஆயில் தண்ணீர் ஊற்றினால் கரைந்து போகும். ஆக்சில் எண்ணெய் போகாது. ரப்பர் கப்பைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக்கூடாது, ஊதிப் பெருத்துவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும். இதெல்லாம் தெரிந்தும் நான் எடுபிடிதான். வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்கிறவன்தான் மெக்கானிக். பிரேக்கில் பாதிக் கோளாறு மிதியில்தான் தெரியும்.

மிதி பஞ்சு மாதிரி அமுங்கினால் பைப்பில் காற்று இருக்கிறது. எண்ணெய் நசுங்காது, காற்று நசுங்கும். மிதி ஆழமாகப் போய், ரெண்டு மூணு தடவை மிதித்தபின் மேலே வந்தால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம், டைட் வைத்தால் போதும். காலை அழுத்தி வைத்திருக்கும்போதே மிதி மெல்ல இறங்கினால், வெளியே ஒரு சொட்டுக் கசியாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் கப் போய்விட்டது. மிதிக்கும்போது கால் அதிர்ந்தால் டிரம் வட்டம் கெட்டுவிட்டது, லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஏதோ ஒரு வீலில் லைனிங் எண்ணெயில் நனைந்திருக்கும், அல்லது சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கும். கால்தான் இதையெல்லாம் படிக்க வேண்டும். அதற்குச் சீட்டில் குந்த வேண்டும், வண்டியை ஓட்ட வேண்டும். உனக்குத் தொழில் சொல்லித்தர மாட்டேன் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. சீட்டில் குந்தாதே என்று மட்டும்தான் சொன்னார்கள். ரெண்டும் ஒன்றுதான்.

1990-ல் ஒரு அமாவாசை. பட்டறைக்கு லீவு. எங்கள் ஊர்ப் பெரிய பண்ணைக்காரர் வீட்டில் கல்யாணம், அவருடைய அம்பாசடரில் பிரேக் நிற்கவில்லை. பின் வீல் சிலிண்டர் ரெண்டுக்கும் கிட் மாற்ற வேண்டும். முதலாளி என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். என் அப்பா அந்தப் பண்ணையார் நிலத்தில் ஏர் ஓட்டினவர். அன்றைக்கு அவர் காரில் நான் ஏர் எடுக்க வேண்டியிருந்தது.

"முடிஞ்சுதாடா?" என்றார்.

"கிட்டு போட்டாச்சுங்க. ஏர் எடுக்கணும். ஒருத்தர் சீட்டுல குந்தி மிதிக்கணும்."

வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பட்டறையில் வேறு யாரும் இல்லை. கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். பிறகு தானே ஏறிக் குந்தினார்.

தூரத்து வீலில் இருந்து தொடங்க வேண்டும். பின்பக்கம் இடது வீலுக்கு அடியில் படுத்தேன். நிப்பிளில் டியூப்பை மாட்டி, மறு முனையைப் பிரேக் ஆயில் இருந்த பாட்டிலில் விட்டேன். "அமுக்குங்க ஆண்டே" என்றேன். நிப்பிளைத் திறந்தேன், குமிழி குமிழியாகக் காற்று வந்தது. "அப்படியே புடிச்சிக்கினு இருங்க ஆண்டே" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் காலை எடுத்துவிட்டார். நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால் போன காற்று திரும்பி உள்ளே வந்துவிடும். மறுபடி முதலில் இருந்து. ரெண்டாந்தரமும் அதே கதை. இந்த வேலைக்கு மூணே சொல்தான் உண்டு. மிதிக்கிறவன் காதில் விழுந்த உடனே கால் கேட்க வேண்டும். மூணாந்தரம் பையன்களிடம் சொல்கிற மாதிரியே கத்தினேன்.

"அமுக்கு! புடி! ... வுடு!"

மேலே ஒரு சத்தமும் இல்லை. ஆனால் மிதி இறங்கியது. "புடி" என்றதும் நின்றது. "வுடு" என்றதும் ஏறியது. நாலு வீலும் முடிய அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் நான் சொன்னேன், அவர் செய்தார். முடிந்து எழுந்தபோது மிதி கல் மாதிரி நின்றது. ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் முதலாளி கேட்டார். "பெரியவர வாடா போடான்னியாமே?"

"வாடா போடான்னு சொல்லலிங்க. அமுக்கு, புடி, வுடுன்னேன்."

"அதான்டா."

அந்த வாரக் கூலியும் இல்லை, வேலையும் இல்லை. அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பண்ணை வீட்டு வாசலில் போய் நின்றார். "எளந்தாரிப் புள்ள, தெரியாம சொல்லிட்டான் ஆண்டே" என்றாராம். தெரிந்துதான் சொன்னேன். தொழில் தெரிந்ததால் சொன்னேன். கல்யாணத்துக்கு அந்தக் கார் நன்றாக ஓடியது. பிரேக்கில் ஒரு குறையும் யாரும் சொல்லவில்லை. ஒரு 'ங்க' குறைந்ததுதான் குறை.

1991-ல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தது. அதற்குப் பின்னால்தான் அவர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' எனக்குப் படிக்கக் கிடைத்தது. 1929-ல் சாலிஸ்காவ் ரயிலடியில் அவர் இறங்குகிறார். மகர் சேரிக்குப் போக வேண்டும். தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்டக் குதிரைவண்டிக்காரர் எவரும் ஒப்பவில்லை. வண்டியை வாடகைக்குத் தருவோம், ஓட்ட மாட்டோம் என்கிறார்கள். கடைசியில் பழக்கமில்லாத மகர் ஒருவரே ஓட்டுகிறார். பாலத்தில் விபத்து. அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டு, கால் எலும்பு முறிகிறது. பாரிஸ்டரே ஆனாலும் தீண்டப்படாதவனைவிடத் தான் மேல் என்று ஒரு வண்டிக்காரன் நினைத்துக்கொள்ள முடியும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டதாக அவரே எழுதுகிறார். எனக்கோ ஓட்டிய அந்த மகர்தான் கண்ணில் நின்றார். அவருக்கு ஓட்டத் தெரியாது என்பதை எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடலாம். கடிவாளத்தைப் பிடிக்கவே விடாதவனுக்கு ஓட்டம் எங்கிருந்து வரும்?

வேலை போனதும் மெட்ராஸ் வந்தேன். புதுப்பேட்டைப் பக்கம் ஒரு பாய் பட்டறை. கூலி குறைவு, கோபம் அதிகம். ஆனால் மூணாம் நாள் ஒரு ஃபியட் சாவியைத் தூக்கிப் போட்டார். "ஓட்டிப் பாத்துட்டு வா. கால்ல இன்னா தெரியுதுன்னு சொல்லு."

"ஓட்டத் தெரியாதுங்க பாய்."

"ஆறு வருசம் பட்டறையில இருந்தேன்ற, ஓட்டத் தெரியாதா? சரி, நான் பக்கத்துல குந்தறேன். எடு."

சீட்டின் நுனியில்தான் குந்தினேன். "முதுகு சாய்ஞ்சு குந்துடா, அப்பதான் கால் எட்டும்" என்றார். ஒரு மாசத்தில் ஓட்டப் பழகினேன். பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுத்த ஒரு வண்டியை நானே ஓட்டிப் பார்த்து, வலது முன் வீல் வேலை செய்யவில்லை என்று சொன்னேன். கழட்டினார்கள். பிஸ்டன் துருவேறி இறுகிக் கெடந்தது. பாய் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வண்டியின் சாவியையும் என்னிடமே போட்டார்.

1997-ல் ஊர்ப்பக்கம் திரும்பி, நெடுஞ்சாலையில் சொந்தமாகப் பட்டறை போட்டேன். அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது. முன் வீலில் டிஸ்க் வந்தது, 2019-லிருந்து புதுக் கார் எல்லாவற்றுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். ஸ்கேனரை மாட்டினால் எந்த சென்சார் போயிற்று என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. ஆனாலும் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சத்தான் செய்கிறது. புதுசாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்கிற டாட் 3 ஆயில், ஈரம் ஏறினால் 140-க்கே வந்துவிடலாம். மலை இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் மிதி தரையைத் தொடும். ரெண்டு வருசத்துக்கு ஒருதரம் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது ரெண்டு பேர் வேலை இன்னும் இருக்கிறது.

"உங்களுக்கு ஊர்ல எந்தப் பக்கம்?" என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். சொல்கிறேன். அடுத்த தரம் வராதவர்களும் உண்டு. சீட்டுக்கு பிளாஸ்டிக் உறை போடுகிறேன், எல்லா வண்டிக்கும், யார் ஏறினாலும். அழுக்குக்குத்தான் உறை என்றால் அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் பட்டறைக்குத் தொழில் பழக வருகிற பையன் எந்தத் தெருவில் இருந்து வந்தாலும் முதல் வாரமே சீட்டில் குந்தி மிதி பழக வேண்டும். டிரம் தூசை யாரும் வாயால் ஊதக்கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். மேல் வேலையும் கீழ் வேலையும் நாள் விட்டு நாள் மாறும். ஏர் எடுக்கும்போது கீழே இருக்கிறவன் சொல்வதுதான் சொல். நான் மேலே இருந்தாலும் அப்படித்தான். போன மாசம் ஒரு கஸ்டமர் முகத்தைச் சுளித்தார். "இன்னா மேஸ்திரி, நேத்து வந்த பொடியன் உங்களப் போயி அமுக்கு, புடிங்கறான்?"

"ஒங்க வண்டிக்கு பிரேக் புடிக்கணுமா, வேணாமா?" என்று கேட்டேன்.