அந்தக் கையில் இருந்தது என்ன?

ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் பளிங்குச் சிலைகளை வேகமாகக் கடந்து, நேரே அவர் இருக்கும் கூடத்துக்குப் போனேன். எதையோ எறியப்போகும் கணத்தில் நிற்கிறார். இடது கை முன்னே நீண்டிருக்கிறது. வலது கை பின்னால் ஓங்கியிருக்கிறது. வலது குதிகால் தரையைவிட்டு எழும்பியிருக்கிறது. உயரம் 2.09 மீட்டர். கி.மு. 460 வாக்கில் வார்த்த வெண்கலம்.

முதலில் முகத்துக்கு நேரே போய் நின்றேன். உடம்பு ஒடுங்கித் தெரிந்தது. சுற்றி வந்து மார்புக்கு நேரே நின்றதும் இரு கைகளும் சட்டென விரிந்துகொண்டன. ஆஜானுபாகு என்கிறோமே, அப்படி உடம்புக்கு மிஞ்சிய நீளம். ஆனால் இந்த இடத்திலிருந்து பார்க்கையில் அது துளியும் உறுத்தவில்லை. சிற்பி நம்மை நிற்கச் சொன்ன இடம் இதுதான்.

கிட்டே போய்ப் பார்த்தேன். தாடியின் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக இருக்கிறது. உதட்டுக்குச் செம்பு பதித்திருக்கிறார்கள். கண்கள்தான் இல்லை, தனியே செய்து பொருத்தியவை போய்விட்டன, இரண்டு குழிகள் மட்டும் மிச்சம். அப்படியும் பார்வை அந்த இடது கையின் வழியே ஓடுவதாகவே தோன்றுகிறது.

வலது கை விரல்கள் முழுக்க மூடவில்லை. பிடித்திருந்த பொருளின் வளைவு அப்படியே நிற்கிறது, பொருளைக் காணோம். இவர் யார் என்ற வழக்கு முழுவதும் அதில்தான். மின்னலாயுதம் என்றால் இவர் கிரேக்கத் தெய்வங்களின் தலைவரான ஜீயஸ். திரிசூலம் என்றால் கடல் தெய்வமான போசைடன். இரு தரப்புக்கும் சான்று உண்டு. தென் இத்தாலியின் போசைடோனியா நகர நாணயங்களில் போசைடன் இதே நிலையில் திரிசூலம் ஓங்குகிறார். கிரேக்கத்தின் டோடோனாவில் கிடைத்த சிறு வெண்கல உருவங்களில் ஜீயஸ் இதே நிலையில் மின்னலை ஓங்குகிறார். நான் மார்புக்கு நேரே நின்று, அந்தக் கையில் நீண்ட திரிசூலம் ஒன்றை மனத்தால் வைத்துப் பார்த்தேன். அதன் தண்டு முகத்தின் குறுக்கே விழுந்தது. இப்படி ஒரு முகத்தைச் செய்தவர் அதைத் தானே மறைப்பாரா? என் கண்ணுக்கு இவர் ஜீயஸ்தான்.

பழைய வெண்கலச் சிலைகளில் பெரும்பாலானவற்றை உலோகத்துக்காக உருக்கிவிட்டார்கள். இவர் தப்பியதற்குக் காரணம், இவரை ஏற்றிச் சென்ற கப்பல் யூபோயா தீவின் வடக்கே ஆர்ட்டெமிசியன் முனையருகே மூழ்கியதுதான். 1926-ல் ஒரு கை கிடைத்தது, 1928-ல் உடல். முக்குளிப்பவர் ஒருவர் அந்தப் பணியில் உயிரிழந்தார். தேடல் அத்துடன் நின்றது. அதே கப்பலில் கிடைத்த பாயும் குதிரையும் அதை ஓட்டும் சிறுவனும் இதே அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள்.

ஏதென்ஸ் போகிறவர்கள் அக்ரோபோலிஸ் பார்த்த கையோடு திரும்பிவிடாதீர்கள். இவருக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு முறையாவது முழுதாகச் சுற்றி வாருங்கள்.