மைக்கின் முதுகு

ஸ்நேர் ட்ரம்முக்கு மேலே ஒரு மைக்கை வைத்தால் அதில் ஸ்நேர் மட்டும் விழுந்துவிடாது. ஒரு சாண் தள்ளியிருக்கும் ஹைஹேட்டும், தலைக்கு மேலே நிற்கும் க்ராஷ் சிம்பலும் அழைக்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் தொழிலில் இதை 'ப்ளீட்' என்போம். ஸ்நேர் பளிச்சென்று இருக்கட்டும் என்று 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் தூக்கினால் ஹைஹேட்டும் கூடவே எழுந்து நிற்கும். கம்ப்ரஸர் போட்டால் இன்னும் மோசம். அடி அடங்கிவிடும், அடிக்குப் பின்னால் வரும் சிம்பல் பெரிதாகிவிடும்.

இளவயதில் இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து நாய்ஸ் கேட். குறித்த அளவுக்கு மேல் சத்தம் வந்தால் கதவைத் திறக்கும், குறைந்தால் சாத்திவிடும். ஒருநாள் அதை இறுக்கி வைத்துவிட்டு, வாசித்த பையனைப் பெருமையோடு கூப்பிட்டேன். கேட்டுவிட்டு, "நல்லாருக்குண்ணே" என்றான். போகாமல் நின்றான். "நடுவுல மெதுவா தட்டினதெல்லாம் எங்கண்ணே போச்சு?"

கோஸ்ட் நோட் என்பார்கள். பெரிய அடிகளுக்கு நடுவே குச்சி தோலை லேசாகத் தொட்டுப்போகும் சின்னத் தட்டல்கள். அந்தத் தாளத்தின் நடையே அதில்தான் இருந்தது. திருடனைத் துரத்துகிறேன் என்று வீட்டுக்காரனை வெளியே தள்ளியிருந்தேன். திருடனும் முழுசாகப் போகவில்லை. ஒவ்வொரு பெரிய அடிக்கும் கதவு திறக்கிற நேரம் பார்த்து ஹைஹேட் எட்டிப் பார்த்தது.

அதற்குப் பிறகுதான் எழுந்து மைக்கிடம் போகப் பழகினேன். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப்பக்கம் அநேகமாகச் செவிடு. அந்த முதுகு ஹைஹேட்டைப் பார்க்கும்படி ஸ்டாண்டைத் திருப்பினாலே பாதி வேலை முடிந்தது. க்ராஷைக் கொஞ்சம் உயர்த்தலாம், மெல்லிய சிம்பல் மாட்டலாம். 1980-ல் வந்த தன் மூன்றாவது ஆல்பத்தில் பாடகர் பீட்டர் கேப்ரியல் சிம்பலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ட்ரம்மர் ஃபில் காலின்ஸும் அப்படியே வாசித்தார். நமக்கு அந்த அதிகாரம் ஏது?

எனக்குக் கடைசிவரை கஷ்டமாக இருந்தது வாசிப்பவரிடம் வாய் திறந்து சொல்வதுதான். கையில் இருக்கிற அளவை எந்த மிஷினாலும் மாற்ற முடியாது என்று தெரியும். ஆனாலும், கலைஞன் மனசு கோணிவிடுமே என்று பேசாமல் இருந்துவிட்டு, பிறகு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ப்ளீட்டை வெட்டியிருக்கிறேன். எத்தனை ராத்திரிகள்!

அந்தப் பையனே இன்னொரு பதிவுக்கு வந்தான். இந்தமுறை முதல் டேக் முடிந்ததும் உள்ளே கூப்பிட்டு ஹெட்போனை மாட்டி, ஸ்நேர் மைக்கை மட்டும் போட்டுக் காட்டினேன். முகம் சுருங்கியது.

"இவ்ளோ சத்தமாவா ஹைஹேட் அடிக்கிறேன்?"

"ஆமா தம்பி."

ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தான். ஸ்டூலைச் சற்று உயர்த்தினான், வலது கையைத் தளர விட்டான். அடுத்த டேக்குக்கு நான் கேட்டை ஆன் பண்ணவே இல்லை.