மஞ்சள் வயிறு

சிகாகோவுக்குத் தெற்கே டின்லி பார்க்கில் ஊர்வனச் சந்தை கூடும்போதெல்லாம் மகன் என்னை இழுத்துச் சென்றுவிடுவான். நீண்ட மேசைகள், அவற்றின்மேல் மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் சுருண்டு கிடக்கும் ஒரு பாம்புக்குட்டி. சென்ற முறை இரண்டு டப்பாக்களின் முன் அரைமணி நேரம் நின்றோம். ஒன்றின்மேல் 40 டாலர் என்றும் மற்றதன்மேல் 150 டாலர் என்றும் எழுதியிருந்தது. இரண்டும் ஒரே தாயின் குட்டிகள். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

“வயித்தைப் பாருங்கப்பா” என்றான் மகன்.

பால் பைத்தான் என்று எழுதினால் இந்தப் பாம்புக்கும் பாலுக்கும் ஏதோ உறவிருப்பதாகத் தோன்றிவிடும். அச்சமுற்றால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடுவதால் வந்த பெயர் அது. கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு உரியது. பெனினின் உய்தா நகரில் இவற்றுக்குக் கோயிலே உண்டு. அங்கே இருப்பவை கரும்பழுப்பில் பொன்னிறத் திட்டுகள் கொண்ட, சாதாரண நிறத்துப் பாம்புகள். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான பாம்புகளுக்கிடையே எப்போதாவது வெளிறிய ஒன்று வந்து சேரும். 1992ல் பாப் கிளார்க் என்பவர் அல்பினோ பாம்பை இனப்பெருக்கம் செய்து காட்டினார். அதன்பின் தொடங்கிய நிறவேட்டை இன்றுவரை ஓயவில்லை.

அல்பினோவையோ, உடலில் பாதி தூய வெண்மையாக இருக்கும் பைபால்டையோ மதிப்பிட ரசிகமனம் தேவையில்லை. எட்ட நின்றே பார்த்துவிடலாம். சிக்கல், வேற்றுமை மிக நுண்ணியதாக இருக்கும் வகைகளில்தான். ‘எல்லோ பெல்லி’ அப்படிப்பட்டது. நிறம் ஒரு பங்கு தெளிவு. விலாப்புறத்தில் கீழிருந்து மேலெழும் வெளிர்ச் சுடர்கள். வயிற்றின் நடுவே மாசற்ற தளம், இரு ஓரங்களிலும் கட்டம் கட்டமாய்ப் புள்ளிகள். பட்டுப்புடவையைப் புரட்டிச் சரிகை காட்டுபவர்போல விற்பவர் குட்டியைத் திருப்பிக் காட்டினார். பிறகு 40 டாலர் குட்டியையும் திருப்பினார். அதன் வயிற்றோரத்திலும் புள்ளிகள் இருந்தன, கொஞ்சம் ஒழுங்கற்று. “தெரியுதா?” என்றான் மகன். தெரிகிறது என்றேன். பார்த்தேனா, பார்த்ததாகச் சொன்னேனா என்பது வேறு விஷயம்.

அந்த 110 டாலர் வித்தியாசம் நாம் காணும் பாம்புக்கானதல்ல. இரண்டு எல்லோ பெல்லிகளை இணைத்தால் ஒவ்வொரு முட்டைக்கும் நாலில் ஒரு வாய்ப்பாக ‘ஐவரி’ பிறக்கும்: தந்தநிற உடல், முதுகில் மெல்லிய மஞ்சள் கோடு. அதற்கான முன்பணம்தான் அது. இதையும் விஞ்சுவது ‘ஹெட்’ என்ற வியாபாரம். அல்பினோ மரபணுவின் ஒரே பிரதியைச் சுமக்கும் பாம்பில் வெளியே எதுவும் தெரியாது. விற்பவரின் வாய்ச்சொல்லுக்கே அங்கே விலை. (உரித்த சட்டையை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பல மரபணுக்களைச் சோதிக்கும் வசதி இப்போது உண்டு. ஆனால் சந்தையில் நிற்கும்போது கையில் இருப்பது பாம்பு மட்டுமே.)

முன்பணம் திரும்பி வருமா? தொண்ணூறுகளில் ஆயிரக்கணக்கான டாலர்களுக்கு விற்ற அல்பினோ இன்று சில நூறுகளுக்குக் கிடைக்கிறது. வாங்கியவர்களெல்லாம் பெருக்கினால் விலை வேறென்ன செய்யும்? நிறமும் நிலைப்பதில்லை. குட்டியில் ஒளிரும் மஞ்சள் வளர வளரப் பழுப்பேறுவதை ‘பேஸ்டல்’ வகையில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பாம்பு நிலைக்கிறது. 1961ல் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச்சாலைக்கு வந்த ஒன்று, ஆணைக் கண்டு பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும், 2020ல் ஏழு முட்டைகள் இட்டது. நாம் வாங்குவது அவ்வளவு நீண்ட பொறுப்பை.

மகனின் குறிப்பேட்டில் ஆறு முட்டைகளுக்கான கணக்கு இருந்தது. ஐவரி பிறந்தால் யாருக்கு விற்பது என்பதுவரை எழுதியிருந்தான். மிச்சக் குட்டிகளை என்ன செய்வாய் என்று கேட்டேன். “நாப்பது டாலருக்குக் கொடுத்துடலாம்ப்பா” என்றான். என்னை உறுத்தியது அந்த ‘கொடுத்துடலாம்’. அந்த மேசையிலிருந்த மலிவான குட்டியும் யாரோ ஒருவருடைய கணக்கின் மிச்சம்தானே? உய்தாவில் பிறந்திருந்தால் அது யாருக்கும் மிச்சமாகியிருக்காது.

இருந்தும் 150 டாலர் குட்டியைத்தான் வாங்கினோம். முதல் சட்டை உரிந்ததும் அனுப்பிச் சோதித்தோம். விற்றவர் சொன்னது உண்மை. அன்றிரவு விளக்கடியில் அதன் விலாவில் சுடர்கள் எனக்குத் துலக்கமாகத் தெரிந்தன. முடிவு வேறாக வந்திருந்தால் தெரிந்திருக்குமா என்று எனக்கே சந்தேகம். இனப்பெருக்கம் செய்ய நினைக்காதவர் கேட்டால், அந்த அழகுக்காக 20 டாலர் கூடக் கொடுக்கலாம், 110 கொடுக்க வேண்டாம் என்பேன். மகன் ஒப்பமாட்டான். ஆணுக்கான பெட்டியை எங்கே வைப்பதென்று இப்போதே அறையை அளந்துகொண்டிருக்கிறான். எங்களுடையது 1,500 கிராம் எடையை எட்ட இன்னும் மூன்று ஆண்டுகளாவது ஆகும். அதுவரை எனக்கு அவகாசம் இருக்கிறது.