மாலுமி விட்டுச் சென்ற ஊர்

மால்டாத் தீவிலே மரம் என்றால் கொஞ்சம் அபூர்வம்தான். மத்தியதரைக் கடலின் நடுவே கிடக்கும் அந்தத் தீவுக் கூட்டம் மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். ஆறு கிடையாது, சொல்லிக் கொள்ளும்படியான காடும் கிடையாது. பூமியைத் தோண்டினால் தேன் நிறத்தில் சுண்ணாம்புக் கல் வருகிறது. ஆகவே வீடும் கல். மாதா கோயிலும் கல். வயலுக்கு வரப்பும் கல். அப்படிப்பட்ட தீவின் வடமேற்கு மூலையில், முழுக்க முழுக்க மரத்தால் கட்டிய ஓர் ஊர் நிற்கிறது என்றால் நம்புவீர்களா?

தலைநகரான வல்லெட்டாவிலிருந்து வடக்கே மெல்லீஹா என்ற ஊருக்கு பஸ் போகிறது. அங்கிருந்து இன்னும் சுமார் 3 கிலோமீட்டர். வழி நெடுகக் கல் வரப்புகளும் சப்பாத்திக் கள்ளியும்தான். திடீரென்று பாதை முடிந்து பாறை விளிம்பு வருகிறது. கீழே மயில் கழுத்து நிறத்தில் ஒரு சின்னஞ்சிறு குடா. நங்கூரக் குடா என்று பொருள்பட 'ஆங்கர் பே' என்கிறார்கள். எதிர்க்கரையில் அந்த ஊர்!

ஆனால் என்ன ஊர் ஐயா அது! ஒரு வீட்டுக் கூரை இடப் பக்கம் சாய்ந்தால், அடுத்த வீட்டின் புகைபோக்கி வலப் பக்கம் சாய்கிறது. மாடிப்படி ஒன்று எங்கே போகிறோம் என்ற யோசனையே இல்லாமல் வளைந்து ஏறுகிறது. நம் வீட்டுக் குழந்தை கரித்துண்டை எடுத்துச் சுவரில் ஓர் ஊரை வரைந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது.

அதில் நியாயமும் உண்டு. ஏனென்றால், உண்மையிலேயே ஒரு சித்திரக் கதையிலிருந்து இறங்கி வந்த ஊர்தான் அது. 'பாப்பாய்' என்ற ஒற்றைக் கண் மாலுமியை உங்களுக்குத் தெரியும் அல்லவா? வாயில் சுங்கான், மேல் கையைவிட முன்னங்கை பருமன், டப்பாவில் அடைத்த கீரையைத் தின்றதும் யானை பலம்! அவனுடைய ஊர் இது.

அவன் பிறந்த கதை வேடிக்கையானது. அமெரிக்கச் சித்திரக்காரர் ஈ. ஸி. ஸீகர் 1919-ஆம் ஆண்டு முதல் ஒரு பத்திரிகைச் சித்திரத் தொடரை வரைந்து வந்தார். அதன் கதாநாயகி பெயர் ஆலிவ் ஆயில். அவள் சகோதரன் காஸ்டர் ஆயில். அதாவது, சாட்சாத் விளக்கெண்ணெய்! 1929-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி, கப்பல் ஓட்ட ஆள் வேண்டுமென்று கதைக்குள் கூலிக்கு அமர்த்தப்பட்டவன்தான் பாப்பாய். ஒரு பிரயாணம் முடிந்ததும் போக வேண்டியவன். வாசகர்கள் விடவில்லை. நாலு நாள் விருந்தாளியாக வந்தவன், வீட்டையே தன்னுடையதாக்கிக் கொண்டான். 1933-இல் ஃப்ளைஷர் சகோதரர்களின் கார்ட்டூன் படங்களில் ஏறி உலகமெல்லாம் சுற்றினான்.

பேனாவால் எதையும் வரைந்துவிடலாம். ரத்தமும் சதையுமான மனிதர்களைக் கொண்டு அதையே நடித்துக் காட்டுவது லேசா? 1980-இல் டைரக்டர் ராபர்ட் ஆல்ட்மன் அந்தக் காரியத்தில் இறங்கினார். பாரமவுண்ட்டும் டிஸ்னியும் சேர்ந்து தயாரித்த 'பாப்பாய்' படத்தில், டெலிவிஷனில் புகழ் பெற்றிருந்த ராபின் வில்லியம்ஸ் போலி முன்னங்கைகளை மாட்டிக் கொண்டு மாலுமியானார். ஷெல்லி டுவால் ஆலிவ் ஆயிலாக வந்தார். அந்த நீண்ட கழுத்தையும் குச்சிக் கைகளையும் பார்த்தால், ஸீகர் இவரை எதிரில் உட்கார வைத்துத்தான் வரைந்தாரோ என்று தோன்றும்!

ஆளுக்கு உருவம் கொடுத்தால் போதுமா? அவர்கள் குடியிருக்க ஊர் வேண்டாமா? 1979 ஜூனில் வேலை ஆரம்பமாயிற்று. 165 பேர் 7 மாதம் உழைத்து, 19 கட்டடங்களை எழுப்பினார்கள். தீவில் மரம் ஏது? உத்தரங்களும் பலகைகளும் ஹாலந்திலிருந்து வந்தன. கூரை ஓட்டுக்கான மரச் சில்லுகள் கானடாவிலிருந்து வந்தன. 8 டன் ஆணி, 2,000 காலன் வர்ணம்! அலை வந்து ஊரை அடித்துப் போகாமல் இருக்க, குடாவின் வாயில் 200 அடிக்குமேல் ஓர் அலைதடுப்புச் சுவரும் கட்டினார்கள். 1980 ஜனவரியில் தொடங்கிய படப்பிடிப்பு ஜூனில் முடிந்தது.

படத்தின் கதை நம் மனத்துக்கு நெருக்கமானதுதான். சிறு வயதில் பிரிந்த தகப்பனைத் தேடி பாப்பாய் இந்த 'ஸ்வீட்ஹேவன்' என்ற ஊருக்கு வருகிறான். தகப்பன் அகப்படுவதற்கு முன்னால், கூடையில் கிடந்த ஒரு கைக்குழந்தை அகப்படுகிறது. தகப்பன் இல்லாதவன் தானே தகப்பனாகிறான். அந்தக் குழந்தையாக நடித்தது ஆல்ட்மனின் சொந்தப் பேரன். இன்னொரு விசேஷம்: இந்தப் படத்தில் பாப்பாய்க்குக் கீரை என்றாலே பிடிக்காது! கடைசியில் வில்லன் அவன் வாயில் பலவந்தமாகத் திணிக்கும் வரையில் தொடவே மாட்டான். தினமும் தட்டும் கையுமாகக் குழந்தையின் பின்னால் ஓடுகிற தாய்மார்களுக்கு இது எவ்வளவு ஆறுதல்!

சுமார் 2 கோடி டாலர் செலவான அந்தப் படம் அமெரிக்காவில் மட்டும் 5 கோடிக்குச் சற்றுக் குறைவாக வசூலித்தது. ஆனாலும் விமரிசகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். 'தோல்விப் படம்' என்ற பெயர் ஒட்டிக் கொண்டது. படக் கோஷ்டி எப்போதோ மூட்டை கட்டிவிட்டது. ஸெட் என்றால் படம் முடிந்ததும் பிரித்துப் போடுவதுதானே வழக்கம்? இந்த ஸெட்டைப் பிரிக்கவில்லை. கூடையில் விட்டுப் போன குழந்தையைப் போல, தீவு அதை எடுத்து வளர்க்கத் தொடங்கியது.

இன்று சீட்டு வாங்கிக் கொண்டு உள்ளே போகலாம். பாப்பாய் வேஷமும் ஆலிவ் வேஷமும் போட்டவர்கள் குழந்தைகளோடு கை குலுக்குகிறார்கள். படகுச் சவாரி உண்டு. படம் எடுத்த கதையைச் சொல்லும் சிறு சினிமாவும் உண்டு. கொஞ்சம் கூச்சல், கொஞ்சம் வியாபாரம் எல்லாம் இருக்கத்தான் இருக்கிறது. "இது போலி ஊர்தானே?" என்று கேட்பவர்களும் உண்டு.

கேட்கட்டும். அதே தீவுக் கூட்டத்தில் 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட கற்கோயில்கள் இருக்கின்றன. எகிப்தின் பிரமிடுகளைவிடப் பழமையானவை. அவற்றின் முன்னால் இந்த மர ஊருக்கு என்ன மதிப்பு என்று தோன்றலாம். ஆனால் கல் தன் பலத்திலேயே நெடுங்காலம் நிற்கும். கடற்காற்றும் உப்பும் வெயிலும் தின்னும் இடத்தில் மரம் அப்படி நிற்குமா? உளுத்த பலகையை மாற்ற வேண்டும். வெளுத்த வர்ணத்தை மறுபடி பூச வேண்டும். பெயர்ந்த சில்லை ஆணியடிக்க வேண்டும். ஒரு சில மாதக் கூத்துக்காக எழுப்பிய மேடை நாற்பது ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது என்றால், யாரோ அத்தனை ஆண்டும் கையை ஓயவிடவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆல்ட்மன் 2006-இல் காலமானார். ராபின் வில்லியம்ஸ் 2014-இல். மெலிந்த கழுத்தை ஆட்டி ஆட்டி நடந்த ஷெல்லி டுவாலும் 2024-இல் போய்விட்டார். பெற்றவர்கள் போன பிறகும் குழந்தை இருக்கிறது. வளர்த்தவர்கள் பெயர்தான் எந்தப் படத்தின் தலைப்பிலும் வருவதில்லை. அடுத்த மழைக்குள் கூரையைப் பார்த்துவிட வேண்டுமே என்ற கவலையில், அதைப் பற்றி நினைக்க அவர்களுக்கு ஏது பொழுது?